‘ஊர்’ என்பதற்கு இங்கிலீஷில் என்ன?

 

பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த வாக்குவாதத்தைப் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, தன் ஊர்த் திருவிழா நோட்டீஸை வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்காக இங்கிலீஷில் போட வேண்டும் என்று கேட்டான். நோட்டீஸின் அடியில் வழக்கம்போல ‘இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்’. இதற்கு இங்கிலீஷ் என்ன? ஒருவர் வில்லேஜர்ஸ் என்றார். ஒருவர் பப்ளிக் என்றார். லோக்கல் பீப்பிள் என்றது ஒரு பாப்பா. கம்யூனிட்டி என்றான் துபாயில் இருப்பவன். அதன்பிறகு பேச்சு வேறு எங்கெங்கோ போய், கடைசியில் ‘சார் சொல்லட்டும்’ என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கைபேசியில் கட்டை விரலால் தட்டி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

அகராதியைத் திறந்தால் ஊருக்கு நேராக வில்லேஜ், டவுன் என்று இருக்கும். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் நம் பள்ளத்தாக்கிலேயே பாருங்கள். சின்னமனூரும் கூடலூரும் பெயரிலேயே ஊரை வைத்திருக்கின்றன; இரண்டும் நகராட்சிகள். நம் காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி எல்லாம் பெயரில் பட்டி. பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கிற இடம். அவற்றில் காமயகவுண்டன்பட்டி வளர்ந்து இன்று பேரூராட்சி. பேரூராட்சி என்ற சொல்லைப் பிரித்தால் பெரிய ஊரின் ஆட்சி. இங்கிலீஷ் போர்டில் அது டவுன் பஞ்சாயத்து. ஊராட்சி என்றால் வில்லேஜ் பஞ்சாயத்து. ஆக, அரசாங்கப் போர்டிலேயே ஒரே ஊர் ஒரு பக்கம் டவுன், இன்னொரு பக்கம் வில்லேஜ். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் அட்டையில் ‘ஊரக’ என்று பார்த்திருப்பார்கள். அங்கே அது ரூரல். ஊர்க்காவல் படை என்றால் ஹோம் கார்டு. அங்கே ஊர் ஹோம் ஆகிவிட்டது.

2020 மார்ச்சில் நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அப்போது வந்த சொல் ஊரடங்கு. இங்கிலீஷில் லாக்டவுன். அதற்கு முன்னால் கலவரக் காலத்தில் போட்ட கர்ஃபியூவுக்கும் ஊரடங்குதான். அதற்கும் முன்னால், நம் அம்மாக்கள் ‘ஊர் அடங்கின பெறகு வந்து கதவைத் தட்டுறான்’ என்று சொல்லுவார்களே, அங்கே ஊர் என்பது இடமே இல்லை. வீடுகளும் தெருவும் எப்போதும் அடங்கித்தான் கிடக்கின்றன. அடங்குவது மனிதர்கள், அவர்களின் பேச்சு, அடுப்பு, வெளிச்சம். ‘ஊர் வாயை மூட முடியுமா’ என்கிறோம். வில்லேஜுக்கு வாய் கிடையாது. ‘ஊர் சிரிக்கும்’ என்கிறோம். டவுன் சிரிக்காது. ‘ஊர் சுத்துறான்’ என்றால் வேலைவெட்டி இல்லாமல் திரிகிறான் என்று பொருள். அங்கே எந்த ஊரும் இல்லை.

அப்படியானால் ஊர் என்பது இடமா, ஆட்களா? இரண்டும்தான். தமிழில் இந்த இரண்டும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. இங்கிலீஷ் அதைப் பிரித்துவிடுகிறது. மொழிபெயர்க்கிறவன் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட வேண்டியிருக்கிறது.

இது நமக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. ஸ்பானிஷில் ‘புவெப்லோ’ என்று ஒரு சொல். கிராமம் அல்லது சிற்றூர் என்றும் பொருள். மக்கள் என்றும் பொருள். ஓர் இனம், ஒரு நாட்டின் குடிமக்கள் என்றும் பொருள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் இருக்கிறதே, அது 1781இல் ஸ்பானியர் காலத்தில் ஒரு புவெப்லோவாகத்தான் தொடங்கியது. ஒரு ஸ்பானிஷ் அரசியல்வாதி மேடையில் ‘புவெப்லோ’ என்று முழங்கினால் அவர் தன் கிராமத்தைச் சொல்கிறாரா, தேசத்து ஏழை எளிய மக்களைச் சொல்கிறாரா என்பது இடம் பார்த்துத்தான் தெரியும். பல நேரம் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார். அதுதான் அந்தச் சொல்லின் பலம். இங்கிலீஷ்காரர் அங்கே தவிக்கிறார். கிராமம் என்று போட்டால் மக்கள் போய்விடுகிறார்கள். மக்கள் என்று போட்டால் காலடி மண் போய்விடுகிறது. நம் ஊரை மொழிபெயர்க்கிறவரும் இதே மடையில்தான் நிற்கிறார்.

இன்னொரு குணமும் ஊருக்கு உண்டு. அது பேசுகிற ஆளைப் பொறுத்து நகரும். கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் ‘எந்த ஊரு?’ என்றால் ‘கே.கே.பட்டி’ என்பேன். மதுரையில் கேட்டால் ‘கம்பம் பக்கம்’. சென்னையில் கேட்டால் ‘தேனி’. என் வயதுக்காரர்கள் பலர் சென்னையிலும் ‘மதுரை’ என்றே சொல்லிவிடுவோம்; தேனி தனி மாவட்டமானது 1996இல்தான், நாங்கள் அதற்கு முன்பே பதில் சொல்லிப் பழகிவிட்டோம். அமெரிக்காவில் மகன் வீட்டுப் பக்கத்தில் ஒரு தமிழர் கேட்டால் மறுபடி மதுரை. வெள்ளைக்காரர் கேட்டால் சென்னைக்குத் தெற்கே. இத்தனை பதிலில் எதுவும் பொய்யில்லை. இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வேலன்டைன் டேனியல், 1984இல் வெளியான ‘ஃப்ளூயிட் சைன்ஸ்’ என்ற நூலில் இந்த ஊர் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு விரிவாக எழுதியிருக்கிறார். கிராமம் என்பது அரசாங்கம் எல்லைக்கல் நட்டு வைத்த இடம். யார் கேட்டாலும் அது மாறாது. ஊர் அப்படி இல்லை. ‘யாருடைய ஊர்’ என்று ஓர் ஆளைச் சுற்றித்தான் அது பொருள்படுகிறது என்பது அவர் வாதம். தாலுகா ஆபீஸில் ‘கிராமம்’ என்ற கட்டத்தில் ஒன்றை எழுதிவிட்டு, வெளியே டீக்கடையில் ‘எங்க ஊரு’ என்று வேறொன்றைச் சொல்கிற எவருக்கும் இது புரியும்.

ஏலத் தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறுகிறவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். குமுளிக்கு மேலே மலையாளி ‘நாடு எவிடெயா?’ என்று கேட்பார். புதிதாகப் போகிறவன் ‘இந்தியா’ என்று சொல்லி முழிப்பான். அவர் கேட்டது ‘எந்த ஊரு?’ என்பதுதான். நமக்கு ஊர் செய்கிற வேலையில் பாதியை மலையாளத்தில் நாடு செய்கிறது. அங்கே ஊர் என்ற சொல் பழங்குடியினர் குடியிருப்புக்கு ஒதுங்கிவிட்டது. அந்த மக்கள் கூடிப் பேசும் சபைக்குப் பெயர் ஊருகூட்டம். கேரள அரசு இங்கிலீஷில் எழுதும்போதும் அதை ‘ஊருகூட்டம்’ என்றே எழுதுகிறார்கள். இதை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

சோழர் கல்வெட்டுகளில் ஊர் என்பது சபைக்கே பெயர். பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேயத்தில் கூடுவது சபை. வணிகர் கூடுவது நகரம். மற்ற வேளாண் ஊர்களில் நிலமுடையவர்கள் கூடுவது ஊர். ‘ஊரோம்’ என்று கையெழுத்துப் போடுவார்கள், அதாவது ‘ஊராகிய நாங்கள்’. சரித்திரப் பேராசிரியர்கள் இங்கிலீஷில் எழுதும்போது இந்த ஊரைப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பதில்லை. ஊர் என்றே சாய்வெழுத்தில் விட்டுவிடுகிறார்கள். புத்திசாலித்தனம்.

அதே சோழர் காலத்துக் கல்வெட்டில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களின் பட்டியலில், வரியில்லாத நிலங்களைக் கழிக்கும்போது ஊர்நத்தம் தனியாக வரும். பறைச்சேரி தனியாக வரும். கம்மாணச்சேரி தனியாக வரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு என்று கல்லில் அடித்து வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளா, நான் சொல்ல வந்ததே இதைத்தான். இதுவரை சொன்னது மொழி ரசனை. இனிமேல் சொல்வது சிலருக்குக் கசக்கும்.

நாம் ‘ஊர் கூடி முடிவெடுத்தது’ என்கிறோம். எந்த ஊர்? கூட்டத்துக்கு யாரையெல்லாம் கூப்பிட்டார்கள்? காலனியில் இருக்கிற ஒரு பெரியவர் ‘நான் ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டிருக்கிறீர்களா? அவர் பிறந்தது வளர்ந்தது ஓட்டுப் போடுவது எல்லாம் இதே பஞ்சாயத்தில். நடுவில் ஒரு ரோடோ ஓடையோதான். ஆனாலும் அவர் வாயிலேயே ஊர் என்பது அந்தப் பக்கம் இருக்கிறது. தமிழ் கேட்கிற காதுக்கு இது உடனே விளங்கிவிடும். நமக்கு விளங்கிவிடுவதால்தான் நாம் அதைப் பற்றிப் பேசாமல் காலம் தள்ளினோம்.

இங்கிலீஷில் வில்லேஜர்ஸ் என்று போட்ட உடனே இந்த ரோடும் ஓடையும் மறைந்துவிடுகின்றன. நமக்குப் பக்கத்தில், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சித் தலைவர் பதவியும் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருஷம் ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது, வந்தால் ஜெயித்த கையோடு ராஜினாமா. 2006இல்தான் முறையாக நடந்தது. இதைத் தமிழில் ‘ஊர் எதிர்ப்பு’ என்று எழுதினால் வாசிப்பவருக்குப் பாதியாவது புரியும். இங்கிலீஷில் ‘வில்லேஜர்ஸ் எதிர்த்தார்கள்’ என்று எழுதிவிட்டால்? டெல்லியில் வாசிக்கிறவர் கிராமம் முழுக்க ஒரே மனதாக எதிர்த்தது என்றுதான் நினைப்பார். அந்த ஊராட்சிகளில் வாழ்ந்த தலித் மக்களும் வில்லேஜர்ஸ்தானே? தங்கள் உரிமையைத் தாங்களே எதிர்த்தார்கள் என்றா ஆகும்? ஒரு சொல் அவர்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது.

செய்தித்தாளோடு போனால் பரவாயில்லை. கோர்ட்டுக்கு வாருங்கள். நம் கீழ்க்கோர்ட்டுகளில் சாட்சி தமிழில் சொல்கிறார். வழக்கு மேலே போனால் 2004இல் மதுரையில் தொடங்கிய உயர்நீதிமன்றக் கிளைக்குப் போகும். அங்கே நடைமுறை இங்கிலீஷ். தமிழ்க் காகிதங்கள் இங்கிலீஷுக்குப் பெயர்க்கப்பட வேண்டும். ஒரு பெண், ‘ஊர்க்காரங்க எங்களைத் தண்ணி எடுக்க விடல’ என்று சொல்லியிருக்கிறார் என்று வையுங்கள். அதை ‘வில்லேஜர்ஸ் எங்களைத் தண்ணீர் எடுக்க விடவில்லை’ என்று பெயர்த்தால், வாசிப்பவர் மனதில் முதலில் எழும் கேள்வி: அப்படியானால் இந்தப் பெண் வெளியூர்க்காரியா? குடிவந்தவரா? அந்தக் குழாய்மேல் அவருக்கு உரிமை இருக்கிறதா? அவர் சொன்ன ஒரே சொல்லில் இருந்த குற்றச்சாட்டு, மொழிபெயர்ப்பில் அவருக்கே எதிராகத் திரும்பி நிற்கிறது. நீதிபதி தமிழ் தெரிந்தவராக இருந்தால் தப்பித்தது. டெல்லி வரை போனால்?

அங்கே மொழிபெயர்ப்பாளர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், என் கருத்து இது. சாட்சி சொல்லாததை, இன்ன சாதியார் என்று, அவர் பாட்டுக்குச் சேர்க்கக் கூடாது. அது சாட்சியைத் திருத்துவது. வில்லேஜர்ஸ் என்று மூடவும் கூடாது. ஊர் என்ற சொல்லை அப்படியே வைத்துவிட்டு, ‘இங்கே ஊர் என்பது காலனி நீங்கலான குடியிருப்பைக் குறிக்கும்’ என்று அடியில் ஒரு வரி போட வேண்டும். ஒரு வரிதான். அந்த ஒரு வரியில் ஒரு வழக்கு நிற்கலாம், விழலாம்.

‘இதெல்லாம் பழைய காலம் சார்’ என்பவர்களுக்கு: 2025 ஏப்ரலில்தான் முதலமைச்சர் சட்டசபையில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக அறிவித்தார். வேடிக்கை பாருங்கள், காலனி என்பது இங்கிலீஷ் சொல். சென்னையில் ஆபீசர்ஸ் காலனி என்றால் கௌரவம். இங்கே தனியாகக் காலனி என்றால் வேறு அர்த்தம். தமிழ்நாட்டுக்கு வந்த இங்கிலீஷ் சொல்லைத் திரும்ப இங்கிலீஷுக்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலை. அந்தப் பெயரை எடுத்தது நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் காலனி என்ற சொல் போய், அதற்கு ஜோடியாக நிற்கும் ஊர் என்ற சொல் பழைய அர்த்தத்தோடேயே இருந்தால் வேலை பாதிதான் முடிந்தது.

சரி, நோட்டீஸ் கேட்ட தம்பிக்குப் பதில். உன் ஊர்ப் பெயரை இங்கே இழுக்கவில்லை. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி யார் யாரிடம் வாங்குகிறீர்கள் என்று முதலில் பார். எல்லாத் தெருவிலும் வாங்கி, எல்லாத் தெருவுக்கும் சாமி ஊர்வலம் போகிறது என்றால், ஊர்ப் பெயரைப் போட்டு ‘பீப்பிள் ஆஃப்’ என்று தாராளமாக எழுது. ஊர்வலம் என்றாலே ஊரை வலம் வருவது. சாமி எந்தத் தெரு வரை வருகிறதோ அதுவரை ஊர். இல்லை, ஒரு சமூகத்தார் மட்டும் வரி போட்டு நடத்துவது என்றால் அதிலும் தப்பில்லை, அந்தச் சமூகத்தின் பெயரில் போட்டுக்கொள். எல்லோரிடமும் வாங்காமல் எல்லோர் பெயரிலும் கையெழுத்துப் போடாதே. தமிழில் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். இங்கிலீஷில் அது அப்பட்டமான பொய்யாகிவிடும். மொழிபெயர்ப்பின் ஒரு நன்மை இது, கணக்குக் கேட்டுவிடும்.

கதை, கவிதைக்கு வேறு நியாயம். புறநானூற்று 192ஆம் பாடலில், கணியன் பூங்குன்றனார் எடுத்த எடுப்பில் ஊரைத்தான் சொல்கிறார். ஜி.யு.போப் அதை டவுன் என்று எடுத்துக்கொண்டார். ஏ.கே.ராமானுஜன் டவுனோடு நிறுத்தாமல் ஹோம் டவுன் என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு ராமானுஜன் செய்ததுதான் பிடிக்கும். வெறும் டவுன் என்றால் அந்தப் பாட்டுக்கு வேலையே இல்லை. எல்லா இடமும் இடம்தான் என்றாகிவிடும். ஊர் என்பதற்குள் ‘என்னுடையது’ என்ற பொருள் இருப்பதால்தான் எல்லாவற்றையும் ஊர் என்பது அவ்வளவு பெரிய பேச்சாகிறது. போன பத்தியில் பேசிய ஊரையும் இந்த ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். இரண்டும் ஒரே எழுத்துகள்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ நாவல் இங்கிலீஷில் ‘பயர்’ என்று வந்தது. 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியல் வரை போனது. சாதி மாறிக் கட்டிய ஒரு ஜோடியை ஊர் என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் கதை. நம் பக்கம் பூக்குழி என்றால் விரதமிருந்து மஞ்சள் துணி கட்டி இறங்குகிற பக்தி. இங்கிலீஷ் தலைப்பு நேராகச் சிதைக்குக் கொண்டுபோகிறது. நெருப்பு நின்றது, பூ போனது. விற்பனைக்கு அது சரியாக இருக்கலாம். எனக்கு அந்தப் பூ வேண்டும்.

‘ஊர் என்று அப்படியே இங்கிலீஷில் எழுதினால் வெள்ளைக்காரனுக்கு என்ன புரியும்?’ என்று என் மருமகள் கேட்டாள். ஏன் புரியாது? கட்டுமரம் கட்டமரான் ஆகிப் போனது. சுருட்டு செரூட் ஆனது. அவ்வளவு ஏன், அந்தப் புவெப்லோவே இங்கிலீஷ் அகராதிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அமெரிக்கத் தென்மேற்கின் பூர்வகுடிகளின் குடியிருப்புக்கு அதுதான் இங்கிலீஷிலும் பெயர். கேரளத்து ஊருகூட்டமும் மொழிபெயர்க்கப்படாமலே ஆவணங்களில் நடக்கிறது. ஸ்பானிஷுக்கு வைத்த நாற்காலியைத் தமிழுக்கும் போடச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கடைசியாக ‘நேட்டிவ்’ பற்றி. லீவ் லெட்டரில் ‘கோயிங் டு மை நேட்டிவ்’ என்று எழுதினால் சிவப்பு மையில் அடிக்கும் வாத்தியார்கள் உண்டு. நான் அடித்ததில்லை. இங்கிலாந்துக்காரன் அப்படி எழுதமாட்டான், உண்மைதான். அவனுக்குத் தேவைப்படவில்லை. பிழைக்கப் போன இடம் ஒன்று, பொங்கலுக்கும் சாவுக்கும் பஸ் ஏறுகிற இடம் ஒன்று என்று வாழ்கிற நமக்குத் தேவைப்பட்டது. ஹோம் என்றால் வாடகை வீடாகிவிடும், வில்லேஜ் என்றால் திருப்பூர்க்காரன் என்ன செய்வான்? ஆகவே நம் ஆட்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள். அது கம்பெனியிலும் ரயிலிலும் நன்றாக ஓடுகிறது. திருத்த வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து போய் டொரன்டோவிலும் லண்டனிலும் ஊர்ப் பெயரில் சங்கம் வைத்து, வருஷம் ஒருமுறை கூடுகிற ஈழத்து மக்களுக்கு அந்த நேட்டிவும் போதாது. அங்கே பிறந்த பிள்ளை, ஒரு நாளும் பார்த்திராத இடத்தை ‘எங்கட ஊர்’ என்கிறது. பிறந்த இடம் அது இல்லை. அதனால் நேட்டிவ் பொருந்தாது. வாழ்கிற இடமும் இல்லை, ஹோமும் பொருந்தாது. ஊர் மட்டும் பொருந்துகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். குறிப்பாக வெளிநாட்டில் இருப்பவர்கள். ‘ஊர்ல மழையா தாத்தா?’ என்று என் பேத்தி போனில் கேட்கும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் வைத்துக்கொண்டு மீதியை இங்கிலீஷில் கேட்கிறாள். மழைதான். சுருளியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம்.